கதவுக்கடியில் வந்த தொகுப்பு

1990களின் பிற்பகுதி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சிறையொன்றில் தனிக்கொட்டடியில் அடைபட்டிருந்த பதின்வயதுப் பையன் ஒருவன், படிக்க ஒரு புத்தகம் வேண்டும் என்று கத்தினான். தனிக்கொட்டடி வரிசைகளில் இது வழக்கம்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது, குரல் மட்டும் போகும். யாரிடமாவது புத்தகம் இருந்தால் எப்படியோ கைமாறி வந்து சேரும். அன்றைக்குக் கதவுக்கடியில் வந்து விழுந்தது டட்லி ராண்டல் தொகுத்த ‘தி பிளாக் பொயட்ஸ்’ என்ற கறுப்பினக் கவிதைத் தொகுப்பு.

பையனின் பெயர் ரெஜினால்ட் ட்வைன் பெட்ஸ். பள்ளியில் நன்றாகப் படித்தவர். 1996 டிசம்பரில், 16 வயதில், காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறித்தார். நீதிமன்றம் அவரைச் சிறுவராகப் பார்க்காமல் வயதுவந்தவராகவே நடத்தி, ஒன்பது ஆண்டுத் தண்டனை கொடுத்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். அதில் 14 மாதம் தனிமையில். 2005இல் வெளியே வந்தவர் கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டார், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், 2021இல் மெக்கார்தர் நல்கை பெற்றார்.

கவிதை ஒரு குற்றவாளியைத் திருத்தியது என்று சொல்லி இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். பெரும்பாலான பத்திரிகைக் கட்டுரைகள் அப்படித்தான் முடிக்கின்றன. தனியொரு மனிதன், தனியொரு புத்தகம், ஒரு மனமாற்றம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் அந்தக் கதவுக்கடியில் எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், இதில் தனி மனிதர் என்று யாருமே இல்லை என்பது தெரிகிறது.

டட்லி ராண்டல் டெட்ராய்ட் நகரத்து நூலகர். அதற்கு முன் ஃபோர்டு வார்ப்பாலையிலும் அஞ்சல்துறையிலும் வேலை பார்த்தவர். 1965இல் ‘பிராட்சைட் பிரஸ்’ என்ற பதிப்பகத்தை வீட்டிலிருந்தே தொடங்கினார். முதலில் வெளியிட்டவை ஒற்றைத்தாள் கவிதைகள். அதாவது ஒரு கவிதை, ஒரு தாள், சில்லறைக் காசுக்கு விற்பனை. பெரிய பதிப்பகங்கள் கறுப்பினக் கவிஞர்களைச் சீந்தாத காலத்தில் அவர்களுக்கென்று ஒரு முகவரி உண்டானது அங்கேதான். அந்தப் பதிப்பகம் 1968இல் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டது. பெயர் ‘பொயம்ஸ் ஃப்ரம் பிரிசன்’. எழுதியவர் அப்போது இண்டியானா மாநிலச் சிறையில் இருந்த எதரிட்ஜ் நைட். மூன்று ஆண்டு கழித்து ராண்டல் தொகுத்த ‘தி பிளாக் பொயட்ஸ்’ நூலில் நைட்டுக்கும் இடம் கிடைத்தது. ஒரு சிறையிலிருந்து வெளியேறிய கவிதைகள் சுமார் 30 ஆண்டு கழித்து இன்னொரு சிறைக்குள் நுழைந்தன. அந்தத் தொகுப்பில் நைட்டைப் படித்ததுதான் தன்னைக் கவிஞனாக்கியது என்று பெட்ஸ் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். வயதுவந்தோர் சிறைக்கு அனுப்பப்பட்டு அங்கே சிதைக்கப்படும் 16 வயதுப் பையனைப் பற்றி நைட் எழுதிய கவிதை ஒன்று உண்டு. அதே வயதில் உள்ளே போன ஒருவனுக்கு அதைப் படிக்க எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

நைட் 1931இல் மிசிசிப்பி மாநிலத்து கொரிந்த் ஊரில் பிறந்தவர். படிப்பைப் பாதியில் விட்டார். ராணுவத்தில் சேர்ந்து கொரியப் போரில் மருத்துவப் பணியாளராக இருந்தார். குண்டுச் சிதறல் பட்டது. வலிக்கென்று தொடங்கிய போதைப் பழக்கம் ஹெராயின்வரை போயிற்று. 1960இல் இண்டியானாபொலிஸில் ஒரு முதிய பெண்ணின் கைப்பையைப் பறித்த வழக்கில் 10 முதல் 25 ஆண்டுவரை தண்டனை. கைப்பைக்குக் கால் நூற்றாண்டா என்ற ஆத்திரத்தில், சிறைக்குள் வந்த முதல் மாதங்கள் தனக்குச் சரியாக நினைவிலேயே இல்லை என்று பின்னாளில் சொன்னார். கொரியாவில் ஒருமுறையும் சிறைத் தண்டனையால் மறுமுறையும் செத்ததாகவும், முதல் சாவிலிருந்து போதைப்பொருளும் இரண்டாவதிலிருந்து கவிதையும் தன்னை எழுப்பியதாகவும் அவர் சொன்னது சிறைக்கவிதை பற்றிய எல்லாப் பேச்சிலும் மேற்கோளாகிறது. அதில் ஒரு விபரீதமான நேர்மை இருக்கிறது. உயிர்ப்பித்த இரண்டு பொருள்களையும் அவர் ஒரே தட்டில் வைக்கிறார்.

அவர் கவிதையைச் சிறையில் புதிதாகக் கண்டுபிடித்தார் என்றும் சொல்ல முடியாது. கறுப்பின ஆண்களின் தெருமுனைகளிலும் பில்லியர்ட்ஸ் கூடங்களிலும் சிறைகளிலும் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட நீண்ட கதைப்பாட்டு ஒன்று உண்டு. டோஸ்ட் என்பார்கள். எதுகையும் தாளமும் கெட்ட வார்த்தையும் வீம்பும் கலந்தது. டைட்டானிக் கப்பல் மூழ்கும்போது பணக்காரர்கள் கெஞ்சக் கெஞ்ச நீந்திக் கரைசேரும் ஷைன் என்ற கறுப்புத் தொழிலாளி அதன் நாயகர்களில் ஒருவன். நைட் இந்த டோஸ்ட்டுகளைச் சிறுவயதிலேயே கூடங்களில் கேட்டு வளர்ந்தவர். சிறையில் அவற்றைச் சொல்வதில் அவருக்குப் பெயர் இருந்தது. கேட்க ஆள் கூடும் கலை அது. கேட்பவர் சலித்தால் அங்கேயே தெரிந்துவிடும். எந்தப் பல்கலைக்கழக வகுப்பும் தராத பயிற்சி.

அவருடைய புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்றில் ஹார்டு ராக் என்ற கைதி மனநோய்ச் சிறைமருத்துவமனையிலிருந்து திரும்பி வருகிறான். யாருக்கும் அடங்காதவன், மற்றவர்களுக்குச் செய்யத் துணிச்சல் வராததையெல்லாம் செய்தவன். இப்போது மூளையில் கத்தி வைத்து அவனை அடக்கியிருக்கிறார்கள். திட்டினாலும் சிரிக்கிறான். டோஸ்ட் வடிவத்தை நைட் இதில் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. வீம்பு பாடும் வடிவத்தின் ஓட்டத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, வீம்பு உடைந்ததைச் சொல்கிறார். கவிதை நாயகனோடு முடியவில்லை. அவனை நம்பியிருந்த ‘நாங்கள்’ என்ற கூட்டத்தின் தோல்வியில் முடிகிறது. இன்னொரு கவிதையில் கொட்டடிச் சுவரில் 47 உறவினர்களின் படங்கள் ஒட்டியிருக்கின்றன. பாட்டன், பாட்டி, சித்தி, மாமன், எல்லாரும் பார்க்கிறார்கள். அந்த வம்சாவளியில் தான் எங்கே நிற்கிறோம், தனக்குப் பின் யார் என்று கைதி எண்ணிப் பார்க்கிறான். இவற்றில் ஆறுதல் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. எதை இழந்தோம், யாருக்குக் கடன்பட்டோம், இப்போது எங்கே நிற்கிறோம் என்ற கணக்கு.

சிறையிலிருந்து அவர் கவிதைகளைச் சிகாகோவிலிருந்து வந்த ‘நீக்ரோ டைஜஸ்ட்’ போன்ற இதழ்களுக்கு அனுப்பினார். அச்சாயின. புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞரான குவெண்டலின் புரூக்ஸ் சிறைக்கே வந்து அவரைச் சந்தித்தார், முதல் நூலுக்கு முன்னுரை எழுதினார். ராண்டலும் வந்தார். நைட் அந்தச் சிறையில் ஹைக்கூவும் எழுதிப் பழகினார். நீண்ட டோஸ்ட் சொல்லிப் பழகிய வாய்க்கு மூன்றடிக் கட்டுப்பாடு. மனதில் இருப்பதைக் கொட்டுவதற்கு ஹைக்கூ உகந்த பாத்திரமில்லை. முக்கால்வாசியை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

நான் சொல்ல வருவது இதைத்தான். சிறையில் கவிதை ஆற்றுகிறது என்றால், மனத்தைத் திறந்து கொட்டுவதால் ஆற்றுகிறது என்பது பாதிக்கும் குறைவான உண்மை. வடிவத்தோடு மல்லுக்கட்டும் வேலையும், வெளியிலிருந்து ஒருவர் அதைப் படித்துப் பதில் எழுதுவதும்தான் மீதி. அந்தப் பதில் ‘பாவம்’ என்று இரங்கும் பதிலாக இருந்தால் பயனில்லை. இந்த அடி தளர்ந்திருக்கிறது, இந்தச் சொல் வேண்டாம், இதை அச்சிடுகிறோம் என்று சொல்லும் பதிலாக இருக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் உளவியலிலிருந்து வரும். எழுதிக் கொட்டுவதே நன்மை தருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் புண்படுத்திய அனுபவங்களை எழுதினார்கள். உணர்ச்சியையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. இந்த முறையை 2000இல் வெளியான ஓர் ஆய்வு சிறைக்குள் கொண்டுபோனது. மனநலப் பிரிவில் இருந்த 98 கைதிகள், மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம். சிறை மருத்துவமனைக்குப் போவது குறைந்தது பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களிடம். சிறைக்குள்ளேயே மற்ற கைதிகளால் ஒதுக்கப்படுகிறவர்கள் அவர்கள். யாரிடமும் பேச முடியாதவனுக்குத்தான் தாள் அதிகம் உதவியது என்று இதைப் படிக்கலாம். ஆய்வாளர்களின் விளக்கமும் அதை ஒட்டியதே.

ஆனால் இந்த வகை ஆய்வுகள் நூற்றுக்கு மேல் சேர்ந்தபின், ஜோனே ஃப்ராட்டரோலி 2006இல் 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார். பலன் உண்டு, ஆனால் சிறியது என்பது முடிவு. தவிர இவை கவிதை பற்றிய ஆய்வுகளும் அல்ல. எழுதிய தாளை யாரும் பாராட்டுவதில்லை, திருத்துவதில்லை, திரும்ப எழுதச் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், ராண்ட் நிறுவனம் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சிறையில் கல்வி பெற்றவர்கள் மறுபடி குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்றது. அதுவும் பொதுக்கல்வியைப் பற்றியது. கவிதைப் பட்டறைகளை நடத்துகிறவர்கள் நிதி கேட்கும் விண்ணப்பங்களில் இந்த இரண்டு வகை முடிவுகளையும் தங்களுடையவைபோல எடுத்தாள்வதைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. கவிதைக்கு அந்தக் கடன் தேவையில்லை.

ஜிம்மி சான்டியாகோ பாக்காவின் வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது. 1952இல் நியூ மெக்சிகோவில் பிறந்தவர். பெற்றோர் விட்டுப் போனார்கள். பாட்டியிடம் கொஞ்ச காலம், பிறகு அநாதை இல்லம், பிறகு தெரு. இருபதுகளின் தொடக்கத்தில் போதைப்பொருள் வழக்கில் அரிசோனாவின் ஃபுளோரன்ஸ் நகரத்து உயர்காவல் சிறைக்குப் போனபோது அவருக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. அதற்கு முன் உள்ளூர்ச் சிறையொன்றில் அலுவலகப் பெண்ணின் கல்லூரிப் பாடநூலைத் திருடி, போர்வைக்குள் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்ததாக எழுதியிருக்கிறார். எதிரே இருந்தது வேர்ட்ஸ்வொர்த். பென்சிலைப் பல்லால் சீவிக்கொண்டு எழுதத் தொடங்கினார். ஃபுளோரன்ஸில் படிக்க அனுமதி கேட்டார். மறுத்தார்கள். அப்படியானால் சிறைவேலை செய்ய மாட்டேன் என்றார். விளைவு, ஆண்டுக்கணக்கில் தனிமை.

எழுத வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று வியாபாரம். மற்ற கைதிகளுக்காக அவர்களுடைய காதலிக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் கடிதமும் கவிதையும் எழுதிக் கொடுத்து, பதிலுக்கு சிகரெட்டும் காப்பியும் வாங்கிக்கொண்டார். இதைச் சிறு செய்தியாகத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அடுத்தவன் மனைவிக்கு எழுத வேண்டுமென்றால் அவளைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டும். அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அவன் வாயில் பொருந்தும் சொல்லைத் தேட வேண்டும். வன்முறையே நாணயமாகப் புழங்கும் இடத்தில் பிறர் மனத்துக்குள் நுழைந்து பார்க்க அவருக்குக் கூலி கிடைத்தது. தன் வலியை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் இந்தப் பழக்கம் வந்திருக்காது.

பிறகு ‘மதர் ஜோன்ஸ்’ இதழுக்குக் கவிதை அனுப்பினார். அங்கே கவிதைப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் கவிஞர் டெனிஸ் லெவர்டோவ். அவர் அச்சிட்டார், கடிதம் எழுதினார், பதிப்பகம் தேட உதவினார். 1979இல் பாக்காவின் ‘இமிகிரன்ட்ஸ் இன் அவர் ஓன் லேண்ட்’ வெளியானது. சக கைதி ஒருவனைக் கத்தியால் குத்திக் கொல்லும் நிலையில் நின்றபோது, தான் படித்த நெரூதாவும் லோர்காவும் உள்ளே குரல் கொடுத்துத் தடுத்ததாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். இது கொஞ்சம் மெருகேற்றப்பட்ட நினைவோ என்று ஐயப்படலாம். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கொலை நடக்கவில்லை.

1971இல் நியூயார்க் மாநிலத்து அட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்து, 43 பேர் செத்தபிறகுதான் அமெரிக்கச் சிறைகளில் கல்விக்கும் எழுத்துக்கும் கொஞ்சம் கதவு திறந்தது. பென் என்ற எழுத்தாளர் அமைப்பின் சிறையெழுத்துத் திட்டமும் அந்தக் காலத்தில் பிறந்ததே. கலிபோர்னியாவில் கலைஞர்கள் சிறைக்குள் வந்து கற்பிக்கும் திட்டத்தை மாநிலமே ஏற்று நடத்தியது. 1980களில் சான் குவென்டின் சிறையில் கவிதை கற்பித்த ஜூடித் டானன்பாமின் வகுப்பில், பரோலுக்கே இடமில்லாத ஆயுள் தண்டனை பெற்ற ஸ்பூன் ஜாக்சன் நீண்ட காலம் வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். டானன்பாம் பேச வற்புறுத்தவில்லை. பின்னாளில் ஜாக்சன் கவிஞரானார். 1988இல் அந்தச் சிறையில் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகம் நடந்தபோது போட்ஸோவாக நடித்தார். 2010இல் இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். விடுதலையே கிடையாது என்று தீர்ப்பு எழுதப்பட்ட மனிதனிடம் ‘மறுவாழ்வு’ என்ற பேச்சு எடுபடாது. அவரைக் கவிதை எதற்கும் தயார்ப்படுத்தவில்லை. இருக்கிற நாளை இருக்கத் தகுந்ததாக்கியது, அவ்வளவே. எண்களால் அளக்கும் ஆய்வுகளுக்கு இது பிடிபடாது. வெளியே போகாதவர் மறுபடி குற்றம் செய்கிறாரா என்று எதை வைத்து அளப்பது?

நைட்டின் பிற்கால வாழ்க்கை ஆற்றுப்படுத்தும் கவிதை என்ற அழகான கதையைக் கெடுத்துவிடுகிறது. அதனாலேயே அதைச் சொல்ல வேண்டும். 1968இல் வெளியே வந்தார். கவிஞர் சோனியா சாஞ்செஸை மணந்தார். பல்கலைக்கழகங்கள் அழைத்தன. கக்கன்ஹைம் நல்கை, அமெரிக்கன் புக் அவார்டு எல்லாம் வந்தன. ஆனால் போதை விடவில்லை. மணமுறிவு, சிகிச்சை மையங்கள், மறுபடி சரிவு. கவிதை அவரைச் சிறையில் காப்பாற்றியது. வெளியே காப்பாற்றுவதற்குக் கவிதை மட்டும் போதுமானதாக இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அவர் போன ஊர்களிலெல்லாம் ‘ஃப்ரீ பீப்பிள்ஸ் பொயட்ரி வொர்க்‌ஷாப்’ என்ற பெயரில் மதுக்கடைகளிலும் பொது இடங்களிலும் யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற பட்டறைகளை நடத்தினார். சரிந்துகொண்டே இருந்தவர் மற்றவர்களுக்குக் கேட்பவராக இருந்தார். 1990இல், 59 வயதை நெருங்கும்போதோ தாண்டியபோதோ, இண்டியானாபொலிஸில் ஒரு கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அடுத்த மார்ச்சில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

இதுவரை சொன்ன கைதிகள் நால்வரும் ஆண்கள். பெண்கள் எழுதியபோது அரசு எப்படி நடந்துகொண்டது என்பதற்கு கனெக்டிகட் மாநிலத்து யார்க் சிறையின் கதை போதும். நாவலாசிரியர் வாலி லேம்ப் அங்கே நடத்திய பட்டறையில் பெண் கைதிகள் எழுதியவை 2003இல் நூலாக வந்தன. கவிதை அல்ல, தன்வரலாறு. நூல் வரவிருந்த நேரத்தில் மாநில அரசு அந்தப் பெண்கள்மீது வழக்குப் போட்டது. சிறையில் வைத்துப் பராமரித்த செலவு நாளுக்கு 117 டாலர், அதைக் கட்டு என்று. பட்டறையின் கணினிக் கோப்புகளும் அழிக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்தபின் சமரசம் ஏற்பட்டது. எழுது, குணமாவாய் என்று சொல்லும் அதே அரசு, எழுதியதை யாராவது படிக்கத் தொடங்கியதும் பில்லை நீட்டுகிறது. எழுதுவதைவிடப் படிக்கப்படுவதுதான் அதிகாரத்தைத் தொந்தரவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெட்ஸ் வெளியே வந்தபின் செய்தவை இந்தக் கோணத்தில் பொருள்படுகின்றன. வழக்கறிஞராவதற்கு அவருடைய பழைய குற்றம் கனெக்டிகட்டில் தடையாக வந்து நின்றது. 2017இல்தான் அனுமதி கிடைத்தது. 2019இல் வந்த ‘ஃபெலன்’ தொகுப்பில், பிணைத்தொகை கட்ட முடியாமல் சிறையில் கிடந்த ஏழைகள் தொடர்பான நீதிமன்ற ஆவணங்களை எடுத்து, பெரும்பகுதியைக் கறுப்பு மையால் அடித்து, மிஞ்சிய சொற்களைக் கவிதையாக நிறுத்துகிறார். ரகசியம் காக்க அரசு கையாளும் அதே உத்தி இங்கே ரகசியத்தை உடைக்கிறது. தன்னோடு சிறையில் இருந்த நண்பர்களின் பரோல் மனுக்களுக்கும் வேலை செய்தார். 2020இல் ‘ஃப்ரீடம் ரீட்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். அது சிறைகளுக்குள் 500 புத்தகங்கள் கொண்ட மர அலமாரிகளை வைக்கிறது. தனியாக ஒரு நூலக அறையில் பூட்டி வைக்காமல், கைதிகள் வசிக்கும் பகுதிக்குள்ளேயே வைக்கிறது. அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டாம், கத்தவும் வேண்டாம்.

ஆனால் புத்தகம் உள்ளே போவது மட்டும் நைட்டையும் பாக்காவையும் உண்டாக்கவில்லை. தாள் வெளியே போனது, பதில் தாள் உள்ளே வந்தது. அந்த வழி இப்போது அடைபட்டுவருகிறது. பென்சில்வேனியா மாநிலம் 2018 செப்டம்பரில், போதைப்பொருள் தடவிய காகிதம் வருகிறது என்ற காரணத்தைச் சொல்லி, கைதிகளுக்கு வரும் தனிப்பட்ட கடிதங்களையெல்லாம் ஃபுளோரிடாவில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டது. அங்கே அவற்றை ஸ்கேன் செய்வார்கள், கைதிக்கு நகல் போகும், மூலம் போகாது. வேறு மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன, சில இடங்களில் கடிதத்தை டேப்லெட் திரையில்தான் பார்க்க முடியும். பென்சில்வேனியா அப்போது நன்கொடைப் புத்தகங்கள் நேரடியாகக் கைதிகளுக்குப் போவதையும் நிறுத்தியது. இலவசமாகப் புத்தகம் அனுப்பிவந்த தன்னார்வலர்களும் வாசகர்களும் சத்தம் போட்டதில் அந்த ஆண்டு நவம்பரில் புத்தக விஷயத்தில் மட்டும் அரசு பின்வாங்கியது. கடிதங்கள் தொடர்ந்து ஃபுளோரிடாவுக்கே போயின.